சங்கும் ஸ்டேஷன் கடிகாரமும்

கல்கத்தாவில் பூமிக்கடியில் ரயில் ஓடும் படத்தை ஒரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பார்த்த அன்றே கோயமுத்தூருக்கும் ஒன்று போட்டுவிட்டேன். சார்ட் பேப்பரில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த விடுமுறை. இருகூரில் தொடங்கி சிங்காநல்லூர், பீளமேடு வழியாக வடகோவைக்குச் சிவப்புக் கோடு. அங்கிருந்து துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் வரை பச்சை. போத்தனூர்ப் பக்கம் நீலம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வட்டம், பக்கத்தில் அந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு வரி. சிங்காநல்லூர்: குளம், மில்லு, மறுபடியும் மில்லு. பீளமேடு: பம்புசெட், பவுண்டரிப் புகை, காலேஜுகள். வடகோவை: இறங்கினால் ஊரே நடக்கிற தூரம்.

பக்கத்து வீடு பெரியப்பாவுடையது, அப்பாவின் அண்ணன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நம்மூர்ல கெணறு தோண்டறதுக்கே வெடி வெக்கோணும். நீ எங்க போயி ரயிலு உடற?"

"தோண்டவே வேண்டாங்க பெரியப்பா. இந்தக் கோடெல்லாம் ஏற்கெனவே தரைமேல இருக்குதுங்க. ஏறத்தான் ஆளில்ல."

அதுதான் உண்மை. நான் புதிதாக ஒரு அடி தண்டவாளம்கூடப் போடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் நடந்தால் சிங்காநல்லூர் ஸ்டேஷன். காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் ஒரு பாசஞ்சர். ஆனால் எங்கள் தெருவில் ஒருவரும் அதில் ஏற மாட்டார்கள். கேட்டால் ஒரே பதில்: அந்த வண்டி என்றைக்கும் லேட்டு.

எனக்கு அந்த வண்டி தேவைப்பட்டது. வடகோவைப் பக்கம் ஒரு காலேஜில் எலக்ட்ரானிக்ஸில் இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் போனால் காந்திபுரத்தில் மாறவேண்டும், மாலை வீடு திரும்ப ஏழாகிவிடும். அப்பாவுக்கு அது ஆகாது. எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான்: பொம்பளைப் பிள்ளை ஆறு மணிச் சங்குக்கு முன்னால் வாசலுக்குள் இருக்கவேண்டும். சங்கு என்றால் மில் சங்கு, அப்பா வேலை பார்த்த அதே மில். பெரியப்பா வேறு வழி வைத்திருந்தார். நடந்து போகிற தூரத்தில் ஒரு பெண்கள் காலேஜ், அதில் மனையியல்.

"சோறாக்கறதுக்குப் படிக்கறதுக்கு எதுக்குங்க காலேஜு? அம்மாகிட்டயே கத்துக்கறனுங்க" என்றேன்.

"வாயி மட்டும் எக்ஸ்பிரஸ்சாட்ட ஓடுது" என்றார் பெரியப்பா.

அப்பா அதிகம் பேச மாட்டார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். காலேஜில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு முன் மூன்று நாள் நான் அந்தப் பாசஞ்சரில் போய், அந்தக் காலேஜ் பக்கமே இருந்துவிட்டுத் திரும்பிவர வேண்டும். ஒரு நாளாவது சங்குக்கு முன்னால் வீட்டுக்கு வந்தால் எலக்ட்ரானிக்ஸ். மூன்று நாளும் பிந்தினால் மனையியல்.

கணக்கு சுலபம். அட்டவணைப்படி வண்டி மாலை ஐந்து நாற்பதுக்கு எங்கள் ஸ்டேஷன். பன்னிரண்டு நிமிட நடை. சங்குக்கு எட்டு நிமிடம் மிச்சம். தோற்க வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். வண்டி எட்டு நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஐந்தாறு பேர், இரண்டு கீரைக் கூடைகள். ஆனால் வண்டி நகர்ந்ததும் எல்லாம் மறந்துபோனது. பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாத கோயமுத்தூர் அது. வீடுகளின் முதுகு, மில்களின் முதுகு, பவுண்டரிகளுக்குப் பின்னால் கறுப்பு மணல் மலை மலையாக. பீளமேட்டில் யூனிபாரம் போட்ட கூட்டம் ஏறியது. என் சார்ட் பேப்பர் வட்டங்களில் ஆட்கள் ஏறி இறங்குவதை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன்.

மாலையும் எட்டு நிமிடம் தாமதம். இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தும், லெவல் கிராசிங் கேட்டில் லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டேன். வீட்டு வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது சங்கு ஊதியது. பகல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"ஊதிப்போச்சு கண்ணு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

புதன்கிழமை காலை, மறுபடியும் எட்டு நிமிடம். இங்கேதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. தாமதமாக வருகிற எதுவும் ஒருநாள் ஐந்து, ஒருநாள் இருபது என்றுதான் பிந்தும். இது அளவெடுத்துத் தைத்ததுபோல எட்டே எட்டு பிந்துகிறது. வடகோவையில் இறங்கி ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டவணையில் போட்டிருந்த அதே நேரம். என் கையில் எட்டு நிமிடம் கூடுதல்.

மாலை வண்டியில் என் எதிரே ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத்தூசி, பீளமேட்டு மில் ஒன்றில் வேலை என்றார். பேச்சுவாக்கில் வண்டி பிந்துவதைச் சொன்னேன். என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சங்கு பாத்து வெச்சதா அம்மணி? எங்க மில்லு சங்கு அஞ்சு நிமிசம் முந்திங்க. உங்களுது எத்தன?"

எத்தனை என்று கேட்டார், ஏதோ பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதுபோல.

"ஏனுங்கக்கா, எதுக்கு முந்தி ஊதறாங்க?"

"ஊதுனாத்தான் ஆளு கேட்டுக்கு ஓடி வருவான். சாயங்காலம் சங்கு ஊதுனாலும் மிஷினு நிக்கற வரைக்கும் நாம நிக்கோணும். வண்டி புடிக்கறவங்க நாங்க, எங்களுக்குத் தெரியும். சைக்கிள்ல போறவங்களுக்கு என்ன தெரியும்?"

எங்கள் வட்டாரத்தில் எல்லா வீட்டுக் கடிகாரமும் சங்கைப் பார்த்து வைத்தது. பால்காரர், டைலர் கடை, டியூஷன் எல்லாம் சங்கு நேரம். அதனால்தான் வெளியிலிருந்து வருகிற எல்லாமே எங்களுக்கு லேட்டு. ரயில் லேட்டு. ரேடியோவும் லேட்டு. எங்கள் வீட்டில் டெல்லி நிலையத்தின் ஏழேகால் செய்தி ஏழு இருபத்துமூன்றுக்குத்தான் வரும். 'டெல்லிக்காரன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்' என்று அம்மா சொல்லிச் சொல்லி அது எங்கள் வீட்டுப் பழமொழியாகவே ஆகியிருந்தது.

அன்றும் சங்கு என்னை முந்திக்கொண்டது. அப்பா வாசலிலிருந்து திரும்பி உள்ளே போனார். பெரியப்பா மட்டும், "நாளைக்கு ஒருநாள் இருக்குது, அதையும் பாத்துப்போடு" என்றார், ஆறுதல் சொல்வதுபோல.

வியாழக்கிழமை காலை, எட்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அப்பா காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நான் ரேடியோவைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். ஏழேகால் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலி கேட்டதும் என் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன்.

"அப்பா, செய்தி பத்து நிமிசந்தானுங்க. இது முடியறதுக்குள்ள ஏழரைச் சங்கு ஊதும் பாருங்க."

"அதெப்படி ஊதும்?" என்றார். அதற்குப் பதிலாகச் சங்கே ஊதியது. ரேடியோவில் இன்னும் வெளிநாட்டுச் செய்தி முடியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, "டெல்லிக்காரன்..." என்று ஆரம்பித்தார்.

"டெல்லிக்காரன் எட்டு நிமிசம் லேட்டு, ரயில்காரனும் எட்டு நிமிசம் லேட்டு. எல்லாரும் பேசி வெச்சுட்டு ஒரே அளவா லேட்டா வருவாங்களாம்மா?" குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்தத் தோன்றவில்லை. "மில்லுச் சங்குதானுங்கப்பா முந்தி ஊதுது. பீளமேட்டுக்காரங்களுக்கெல்லாம் இது தெரியும். நமக்குத்தான் தெரியாது. நான் லேட்டா வரலைங்க. ரெண்டு நாளும் நான் நேரத்துக்குத்தான் வந்தேன்."

அப்பா ரேடியோவை அணைத்தார்.

நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள், பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மில்லுக்குப் போன அப்பாவை மூன்று நிமிடம் பிந்திவிட்டார் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்று முழுக்கக் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் பிந்தியதில்லை, எங்களையும் பிந்த விட்டதில்லை.

"மூணு நிமிசம்னாங்க அன்னைக்கு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"நீங்க அஞ்சு நிமிசம் முன்னாடியே போயிருக்கீங்கப்பா."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். எப்போதும்போலச் சைக்கிளை எடுத்தார். எப்போதும்போலச் சீக்கிரமாகத்தான் போனார்.

அன்றைக்கு வண்டியில் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. அப்பா ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மாலை, ஐந்து நாற்பதுக்கு வண்டி எங்கள் ஸ்டேஷனில் நின்றது. பிளாட்பாரக் கடிகாரமும் என் கைக்கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. ஓடினால் சங்குக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். லெவல் கிராசிங் கேட் அன்றைக்குத் திறந்தே இருந்தது. நன்றாக ஓடுவேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரே ஓட்டத்தில் எலக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்துவிடும், சண்டையே வேண்டாம்.

ஓடவில்லை. எட்டு நிமிடத்தை அந்த மில்லுக்கு விட்டுக்கொடுத்து வாங்கும் ஒரு படிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை. தோற்றாலும் சரியான நேரத்தில் தோற்பேன் என்று நடந்தேன். டைலர் கடை முக்கில் வரும்போது சங்கு ஊதியது. தெருவில் கோலிக்குண்டு விளையாடிய பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். நான் நடையைக் கூட்டவில்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். பெரியப்பாவும் வந்து நின்றிருந்தார், தீர்ப்பு கேட்க வந்தவர்போல. நான் கதவருகே வந்து செருப்பைக் கழற்றினேன்.

"பாத்தியா, சங்கு ஊதி எத்தன நேரமாச்சு? மூணு நாளும் ஆச்சு" என்றார் பெரியப்பா, அப்பாவிடம்.

அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி என்னுடையதைப் பார்த்தார். இரண்டிலும் நேரம் ஒன்றாக இருந்தது. அவர் எங்கே போய்த் திருத்திக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் ஆறு மணி ஆகலீங்ணா" என்றார்.