களத்தில் போட்ட மனை

வீட்டுமனைக்கு இடம் ஒதுக்குகிற ஊராட்சிக்கு அரசாங்கம் தார்ரோடு போட்டுத் தரும் என்றார்கள். எங்கள் ஊரில் பொது இடம் என்று இருந்தது கதிரடிக்கிற களம் ஒன்றுதான். கிராமசபையில் கையைத் தூக்கி அதையே மனையாக்கினோம். ரோடு வந்தது, மனைக்கல்லும் ஊன்றினார்கள். வீடுதான் வரவில்லை. ஊரைவிட்டுத் தள்ளித் தனியாக முதல் வீடு கட்ட யாருக்கும் மனசில்லை. "நீ கட்டு, பின்னாலயே நான் வாரேன்" என்று ஆளாளுக்குச் சொல்லியே வருசங்கள் போயின.

களம் முழுக்க மனைக்கல் நின்றதால் குதிரைவாலிக் கதிரை அந்த ரோட்டில்தான் பரப்பினோம். வண்டி ஏறினால்தான் மணி உதிரும், வண்டியோ வராது. ஒருநாள் வீடுகளைப் பார்வையிட ராமநாதபுரத்திலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். கதிரைப் பார்த்து டிரைவர் தயங்கி நிறுத்தினார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போனேன்.

"ஏறிப் போங்கய்யா," என்றேன். "ரெண்டு நடை போயிட்டு வாங்க."