ஹெலிகாப்டரில் அம்மா கேட்ட கேள்வி

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த அண்ணன், அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்து ஹெலிகாப்டரில் ஏற்றினான். அந்த நாட்டைக் காட்டி மயக்கிவிட்டால், ‘ஊருக்கு வாலே’ என்ற அம்மாவின் நச்சரிப்பு நிற்கும் என்பது அவன் பிளான்.

எரிமலை புகைந்தது. ஏரி முழுக்க ஃபிளமிங்கோ பறவைகள். நான் வீடியோவாக எடுத்துத் தள்ளினேன். அம்மா எதற்கும் மயங்கவில்லை. ஓர் அருவி தெரிந்ததும் ஹெட்செட்டில் கத்தினாள்.

“ஏலே, தண்ணி நல்லா விழுதே! குளிக்க விடுதாங்களா?”

குற்றாலச் சீசனில் எங்கள் தென்காசி வீட்டில் விடிந்ததும் எழும் முதல் கேள்வி அதுதான்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “இங்கன முதலை கெடக்கும்மா.”

“குளிக்க முடியாதுன்னா என்ன ஊருலே இது?”

அவன் சிரிப்பு நின்றது. தரையிறங்குவதற்குள் மெதுவாகக் கேட்டான். “அங்கன சாரல் விழுதாம்மா?”

அந்த வருடச் சீசனில் ஊருக்கு வந்து, ஐந்தருவியில் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் தலையைக் கொடுத்தவன் அவன்தான்.