நான் ஊற்றிய தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் நான் பொய்க்காரியாக இருந்தேன். காரணம் எங்கள் கார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சைக்கிளில்தான் போவார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அன்று காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. அதற்குச் சன்மானமாக எனக்கு முன் ஆசனம் கிடைத்திருந்தது. அம்மாவும் அம்மாவின் தம்பியான சின்ன மாமாவும் பின்னால் நெருக்கிக்கொண்டு இருக்க, நான் அப்பாவுக்குப் பக்கத்தில் மகாராணி மாதிரிப் போவேன்.

ஒரு ஞாயிறு, தம்பலகாமத்துக் கோயிலுக்குப் போகும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் அடியில் கிடந்தது.

"காலமை தண்ணி ஊத்தினனியோ?"

"ஓம் அப்பா, ஊத்தினனான்."

"அப்ப எங்கை போச்சு? காருக்குக் கீழை ஒரு சொட்டு ஈரமில்லையே."

அது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு கழுத்துவரை நிரப்பினேன். திரும்பவும் கொதித்தது. பொய் சொல்லுற பிள்ளை பின்னுக்கு இருக்கட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். முன் ஆசனம் மாமாவுக்குப் போனது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மாமாவோ அந்த ஆசனத்தில் எறும்பு கடித்தவர்போல நெளிந்தார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு வறுத்த கச்சான் கடலை வாங்கித் தந்தார். அடுத்த நாளும் தந்தார். கோபம் கோபமாக இருந்தாலும் கச்சானை நான் விடவில்லை.

கடைசியில் கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் மெக்கானிக் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே உலைபோல நுரை குமிழியிட்டது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

"தண்ணி வெளியாலை போகேல்லை. கேஸ்கட் போய், எஞ்சினுக்குள்ளதான் போகுது," என்றார். "மகள் ஊத்தினது உண்மை."

எஞ்சின் ஆறி, நானா ஆணிகளைக் கழற்றி முடிக்கும் நேரத்தில் அப்பா தேத்தண்ணி கொண்டுவரக் குசினிக்குள் போனார். அவர் போன நேரத்தில்தான் நானா எஞ்சினின் மேற்பகுதியான தலையைத் தூக்கினார். தலைக்கும் எஞ்சினுக்கும் இடையே தண்ணீரை அடைத்து வைக்கும் கேஸ்கட் தகடு ஓரிடத்தில் கருகிவிட்டிருந்தது. தண்ணீர் ஓடும் துளைகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நானா விரலால் சுரண்டித் தன் நாக்கில் வைத்தார். பிறகு என் நாக்கிலும் கொஞ்சம் வைத்தார்.

"உப்பு," என்றேன்.

நானா மாமாவைப் பார்த்தார். மாமா தன் கால்விரல்களைப் பார்த்தார். அப்பா திரும்பி வருவதற்குள் நானா அந்த வெள்ளையைத் துணியால் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கொதிச்ச எஞ்சின் ஆறின பிறகு, கிணத்துத் தண்ணிதான் ஊத்தவேணும்." யாருக்கும் தெரிந்ததை இவர் ஏன் மாமாவுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம். புது கேஸ்கட்டுக்கு எங்கே போவது? உடைத்துப்போட்ட பழைய வள்ளமொன்றின் அடியிலிருந்த செப்புத் தகட்டை நானா தேடிக் கொண்டுவந்து, பழையதை மேலே வைத்துக் கீறி வெட்டினார். சிரட்டைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டதும் அது தோல்போல இளகிவிட்டது. வளைந்திருந்த எஞ்சின் தலையைச் சமப்படுத்தத் தட்டையான கண்ணாடி வேண்டுமென்றார். மாமா அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அலுமாரிக் கண்ணாடியையே கழற்றிக்கொண்டு வந்தார். அதன்மேல் அரத்தாளை விரித்து, பொழுதுசாயும்வரை மாமாவே எஞ்சின் தலையைத் தேய்த்தார். சோறு உண்ணக்கூட எழும்பவில்லை. மாமாவுக்குக் காரில் இவ்வளவு பாசமா என்று அம்மாவுக்கே ஆச்சரியம்.

அந்த ஞாயிறு கார் தம்பலகாமம்வரை முணுமுணுக்காமல் போனது. புறப்படும்போது அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் ஏறும்வரை நின்றார். எனக்கு அது போதும்.

நாலு வருடம் கழித்து மாமாவுக்குக் கடலோர ஊரான இறக்கக்கண்டியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் எங்களுக்குப் பரிமாறிய புது மாமி, சிரிப்பை அடக்க ஏலாமல் சொன்னார்: "இவர் முதல் முதல் எங்கட வீட்டுப் படலைக்கு வந்தது வாளி கேட்டு. அத்தானுக்குத் தெரியாமல் கார் ஓடிப் பழக வந்தவராம், கார் கொதிச்சுப் போச்சாம். கிணறு உள்வளவுக்கை, உள்ளுக்கு வாங்கோ எண்டனான். வெக்கப்பட்டு, கடலிலை அள்ளிக்கொண்டு போய் ஊத்தினவர். அடுத்த நாள் வாளியைத் திருப்பித் தர வந்தார்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. மாமா என்னைப் பார்த்தார். அந்த ஒரு மாதக் கோபம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நானா அன்று என் நாக்கில் வைத்தது இறக்கக்கண்டிக் கடல். ஒன்பது வயதில் எனக்கு அது வெறும் உப்பு.