வேட்டி போர்த்திய மரங்கொத்தி

டூட்டிங்கில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எங்கள் குசினி மேசையில் ஒரு ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சில வாரங்கள் இருந்தது. அட்டையும் வீடு கூட்டுகிற தும்புத்தடிகளும் கொண்டு நான் செய்ததுதான், ஆனால் அளவில் அசலுக்குச் சமம். மேசையை அது பிடித்துக்கொண்டதால் நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். அந்தக் குசினியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது.

எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வீடுகளில் தாத்தாமாரின் இரும்புத் தொப்பிகளும் பங்கீட்டு அட்டைகளும் இருந்தன. எங்கள் வீட்டிலும் ஒரு போர் இருந்தது. ஆனால் ரீச்சர் கேட்டது அந்தப் போரை அல்ல.

ஆகவே கோலியர்ஸ் வுட்டில் இருந்த மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், மலாயாவில் பிறந்தவர். ஜப்பான்காரன் இயந்திரத் துப்பாக்கியோடு தன் வீட்டு வாசலால் போனதைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார். அன்றைக்கு அவருக்கு ஐந்து வயது என்பதையும், பகல் முழுவதும் கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தார் என்பதையும் அம்மா பிறகு சொன்னா. நான் பேசாமல் நூலகத்துக்குப் போனேன்.

அந்தத் துப்பாக்கிக்குத் தொண்ணூற்றிரண்டாம் வகை என்று பெயர். ஜப்பானியர் தங்கள் முதல் சக்கரவர்த்தியிலிருந்து ஆண்டை எண்ணுவார்களாம். அவர்களுடைய 2592 எங்களுக்கு 1932. என் அண்ணன் மட்டும் அதை இனிமேல் வரப்போகிற 1992 என்று நம்பிக்கொண்டிருந்தான். ஜப்பானியர் ஒரு பிரெஞ்சுத் துப்பாக்கியை அடியாக வைத்துத் தங்கள் வசதிக்கு மாற்றிச் செய்திருந்தார்கள். குழலைச் சுற்றி வளையம் வளையமாகத் தகடுகள், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே சூடு தணிவதற்காக. முப்பது குண்டுகள் பதித்த உலோகப் பட்டையைப் பக்கவாட்டில் செருகினால் ஒவ்வொன்றாக உள்ளே போகும். போகிற குண்டுக்கு எண்ணெய் பூசிவிடவும் ஓர் ஏற்பாடு இருந்தது. டொக் டொக்கென்று ஆறுதலாக, இடைவெளி விட்டுச் சுடுவதால் எதிரிகள் அதற்கு மரங்கொத்தி என்று பட்டம் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அதன் முக்காலிதான். கால்களில் தடிகளைச் செருகி, துப்பாக்கியைக் கழற்றாமல் ஆட்கள் சேர்ந்து அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அவ்வளவு பாரமான சாமானுக்கு இதைவிடக் கெட்டித்தனமான யோசனை இல்லையென்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

நான் செய்ததற்குப் பாரம் காணாது என்று மாமா முக்காலியின் கால்களுக்குள் மண்ணை நிரப்பினார். கீழ்க்கடை முதலாளி கறுப்புப் பெயின்ற் தந்தார். பெயின்ற் காய்ந்த அன்று அம்மா அதை முழுதாகப் பார்த்துவிட்டுக் குசினியின் திரைச்சீலையை இழுத்து மூடினா.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. ஒரு தமிழ் வீட்டுக்குள் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறதென்று யாராவது பொலிஸுக்குச் சொல்லிவிட்டால், அது அட்டையா இரும்பா என்று பார்ப்பதற்கு முதலே எங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று அழுதா. அந்த வழக்குக்காக நாங்கள் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருந்தோம். அந்தத் தை மாதம் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, செத்துப்போனார். அப்பா மூத்த மகன், ஆனால் அப்பப்பா நோயில் கிடந்தபோதும் போக முடியவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. எல்லாம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகுதான் செய்தியே வந்தது. அன்றைக்கும் அப்பா பெற்றோல் ஷெட்டுக்கு ஷிப்டுக்குப் போனார்.

உடைத்துக் குப்பையில் போடு என்றா அம்மா. நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். பகலில், எல்லாரும் பார்க்க, துணியால் மூடிக் கொண்டுபோவோம், ஒளித்துக்கொண்டு போனால்தான் சந்தேகம் வரும் என்றார். அதை மூடுகிற அளவுக்கு வீட்டில் இருந்தது அப்பாவின் வேட்டி ஒன்றுதான்.

கண்காட்சியன்று காலை அப்பாவும் மாமாவும் முன்னுக்கு, அண்ணனும் கடை முதலாளியும் பின்னுக்கு நின்று தடிகளைப் பிடித்தார்கள். குண்டுப் பட்டைகள் வைத்த பிஸ்கற் தகரத்தோடு நான் எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். ஜப்பானியர் அதை இடுப்பு உயரத்தில்தான் தூக்குவார்கள், புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் கொஞ்சத் தூரம் போனதும் அப்பா தன் தடியைத் தோளில் ஏற்றினார். ஒரு பக்கம் உயர்ந்ததால் மற்ற மூவரும் ஏற்ற வேண்டியதாயிற்று. அது பிழை, இப்படித் தூக்குவதில்லை என்று நான் திரும்பித் திரும்பிச் சொன்னேன். யாரும் காதில் போடவில்லை.

வெள்ளை வேட்டி போர்த்து, நாலு பேர் தோளில் போகிற ஒன்றை அப்பர் டூட்டிங் றோட்டில் யார் துப்பாக்கி என்று நினைப்பார்கள்? ஒரு வெள்ளைக்காரக் கிழவி தள்ளிக்கொண்டு வந்த சாமான் வண்டிலை நிறுத்திவிட்டுத் தலை குனிந்தா. தேத்தண்ணிக் கடை வாசலில் இருந்த எங்கள் ஆட்கள் எழும்பி நின்றார்கள். கம்பளித் தொப்பி போட்ட வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்து நடந்தார்.

"ஆர் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ர அப்பா," என்றார் அப்பா.

எனக்குப் புல்லரித்தது. பொய்யே சொல்லத் தெரியாத மனிதன், எங்களைக் காப்பாற்ற எவ்வளவு சாதுரியமாக ஒரு பொய் சொல்லிவிட்டார் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெரியவர் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். பாதி வழியில் அண்ணன் தோள் நோகுது, கொஞ்சம் கீழே வைப்போம் என்று சிணுங்கினான்.

"கீழை வைக்கக் கூடாது. நட," என்றார் அப்பா. அவர் அப்படிக் கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூட வாசலில் இறக்கினோம். அண்ணன் வேட்டியை உருவினான். பின்னால் வந்தவர்கள் துப்பாக்கியைக் கண்டு வாயைப் பிளந்தார்கள், ஒருவர் சிரித்தே விட்டார். தொப்பிக்காரப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி தம்பி. கொண்டுவந்து சேர்த்திட்டியள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா உள்ளே வரவில்லை. வேட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று எல்லாரும் என்னுடைய முக்காலியைச் சுற்றித்தான் நின்றார்கள். ரீச்சர் தடிகளைச் செருகியும் கழற்றியும் பார்த்தா.

பின்னேரம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தபோது அம்மா குழம்பிப்போய் இருந்தா. அப்பா வந்ததும் ஒன்றையும் தொடாமல், ஒருவரையும் கிட்ட வரவிடாமல், நேரே குளியலறைக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினாராம். வேட்டியையும் தானே தோய்த்தாராம். அதன் பிறகுதான் சோறு கேட்டாராம். இப்போது, தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறார் என்றா.

அவர் எழும்பும்வரை காத்திருந்தேன். எழும்பினார், தேத்தண்ணி குடித்தார், என் தலையைத் தடவினார். துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் தோளில் சுமந்துகொண்டு வந்தவருக்குத் தான் எதைச் சுமந்தோம் என்றே ஞாபகம் இல்லையே என்று எனக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது.