கடைசிச் சில்லு

திருத்தணிக்கு வெளியே, அரக்கோணம் சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் தணிகைமணிக்கு ஒரே வேலைதான். கிராஃபீனில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளக்க வேண்டும். கிராஃபீன் என்றால் ஓர் அணு கனமே உள்ள கரிப் படலம். நகத்தளவு சிலிக்கான் சில்லின் மேல் அதை ஒட்டி, தங்கக் கோடு போட்டு, பெங்களூரிலிருந்து அனுப்புவார்கள். இவன் அதன்மேல் நான்கு ஊசிகளை இறக்கி, ஓரத்து இரண்டில் மின்சாரம் விட்டு, நடு இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பான். கேட்க எளிதுதான். ஆனால் எண் ஓரிடத்தில் நின்றால்தானே!

காலையில் ஒன்று காட்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேறொன்று காட்டும். அதே சில்லு, அதே ஊசி. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். எர்த் கம்பியை மாற்றினான். ஏசியைச் சந்தேகப்பட்டான். பக்கத்துத் தறிக்கூடத்து மோட்டார்கள்தான் வம்பு செய்கின்றன என்று கரண்ட் போன நாளில் பேட்டரி வைத்தும் அளந்து பார்த்தான். எல்லாம் வீண். மிஷினைத் தூக்கி நந்தியாற்றில் போட்டால் என்ன என்று ஆத்திரமாக வந்தது.

புதுச் சில்லைப் பிரிப்பது மாதிரி முக்கியமான நாளில்தான் அது கட்டாயம் காலை வாரும். அதனால் அந்த நாட்களில் மலையேறி முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டுதான் ஆய்வகத்துக்குள் நுழைவான். கையுறை, முகமூடி, தலைக்குல்லாய் எல்லாம் உண்டு. குல்லாயை மட்டும் சற்று மேலே தள்ளி வைப்பான். விபூதி கலைந்துவிடக் கூடாதல்லவா!

அந்த வியாழக்கிழமையும் பட்டையோடுதான் போனான். அன்றும் ஒரு சில்லு பாழ். அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியை பத்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் எத்தினி சிப்பக் கெடுக்கப் போற? மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். நாளைக்கு அதுவும் நிலையா ரீடிங் தரலன்னா இந்த வேலைய பிரியங்காகிட்ட குடுத்துடுவேன். நீ தீசிஸுக்கு வேற தலைப்பு பாத்துக்கோ."

வேறு தலைப்பு என்றால் நான்கு வருட உழைப்பும் போச்சு. பிரியங்கா அவனுக்குப் பின்னால் சேர்ந்தவள் வேறு. அவமானமாக இருந்தது.

சாயங்காலம், கெட்டுப்போன சில்லுகளைப் பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் வெள்ளைத் துகள்கள். பூட்டிய அறையில் தூசு எங்கிருந்து வரும்? இத்தனைக்கும் பெரியப்பா செத்தபோது பிரித்த புதுச் சில்லில் ஒரு வாரம் எண் அசையாமல் நின்றிருக்கிறது. தீட்டு என்று அப்போது மலைக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்கு நின்றது இன்றைக்கு ஏன் நிற்கவில்லை? எரிச்சலில் நெற்றியில் பட்டென்று அறைந்துகொண்டான்.

கறுப்பு மேசையில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

சாம்பல். அதில் உப்பு இருக்கிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓர் அணு கனப் படலத்தைக் குழப்ப அது போதாதா? "முருகா!" என்றான். வேறு யாரைத் திட்டுவது?

மறுநாள் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று பார்த்தான். அதற்குள் மனைவி தேவயானி விடியலிலேயே வெறும் வயிற்றோடு மலைக்குப் போய் வந்திருந்தாள்.

"நெத்தியக் காட்டு பாவா. உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிகினு வந்தேன்."

"இன்னைக்கு வேணாமே."

"இன்னைக்கு வேணாமா? இன்னைக்குத்தானே வேணும்!"

குனிந்தான். கட்டைவிரல் கனத்துக்குப் பட்டை விழுந்தது.

கல்லூரிக் குழாயடியில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். யாராவது பார்க்கிறார்களா என்று பாவம் செய்கிறவன்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான். குல்லாயைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு ஊசிகளை இறக்கினான். எண் நின்றது. டீ குடித்துவிட்டு வந்தான், அப்போதும் நின்றது. சாயங்காலமும் நின்றது.

"இப்பதான் உனக்குக் கை பழகியிருக்குது" என்றார் பத்மா. அதைக் கேட்டு அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் தேவயானி, படியேறி வலித்த கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா பாவா?"

"ஆங், வந்துச்சு."

"நான் சொல்லல?" அவள் முகமெல்லாம் பூரிப்பு. எழுந்துபோய் ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "இத மிஷின் பக்கத்துலயே வெச்சிடு. இனிமே தவறவே தவறாது."

அத்தனை நாள் எரிச்சலோடு உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். அவள் காலைப் பார்த்தான். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினான், பிறகு திருப்பி நீட்டினான்.

"இன்னும் நல்லா இறுக்கிக் கட்டிக் குடு" என்றான்.