பிறகு அடித்த மணி

ஏழுமலையைக் கொன்றது புகை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இல்லை... நான்தான்!

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேலாளர். ஏழுமலையும் அவன் மனைவி செல்வியும் அங்கே துப்புரவு வேலை செய்தார்கள்.

தீ எச்சரிக்கை மணி பொருத்திய புதிதில், ஒரு முகூர்த்தத்தின்போது ஓமப்புகை பட்டு அது அலறிவிட்டது. "தாலி கட்டுற நேரத்துல என்னா சார் இது, அபசகுனமா!" என்று பெண்ணின் அப்பா என்மேல் பாய்ந்தார். அன்றிலிருந்து முகூர்த்தம்தோறும் மணியின் சுவிட்சை அணைத்துவிடுவேன். தாலி ஏறியதும் மறுபடி போடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்!

ஏழுமலை செத்த அன்று போடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அந்த மரியாதையில் மயங்கினேன். சாப்பிட்டேன், வெற்றிலை போட்டேன்... மறந்தேன்.

பிற்பகலில் மண்டபம் காலியானது. விடியலிலிருந்து உழைத்த இருவரும் மாடியில் ஜமுக்காள அறையில் கண்ணயர்ந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் அலங்கார விளக்குகளின் ஒயர் பற்றிக்கொண்டது.

மாடிப்படியில் புகையைப் பார்த்தேன். பார்த்ததும் எங்கே ஓடினேன், தெரியுமா உங்களுக்கு? அவர்களை எழுப்ப அல்ல... சுவிட்சைப் போட! மணி அலறியது. தெருவே கேட்டது. அதற்குப் பிறகுதான் மாடி ஏறினேன். புகையில் மயங்கிக் கிடந்த செல்வியை இழுத்துவர முடிந்தது. ஏழுமலைக்காகத் திரும்பிப் போனபோது உள்ளே நுழையவே முடியவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், மணி அடித்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பொய்யில்லையே! எப்போது அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் கண்விழித்த செல்வி மட்டும் கேட்டாள்.

"மணி அடிச்சிச்சாமேண்ணே... எனக்குக் கேக்கவே இல்லியே. அவுர எழுப்பாம தூங்கிட்டேனா?"

"அசதிம்மா... நீ என்னா பண்ணுவ" என்றேன்.

ஆறுதல் சொன்னேனாம்! என் பாவத்தை அவள் தலையில் தூக்கிவைத்துவிட்டு... நான் மனிதனா?

உண்மையைச் சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். நான் ஜெயிலுக்குப் போவேன். அதனால்தான் சொல்லவில்லை. வேறு பெரிய காரணமெல்லாம் ஒன்றும் இல்லை.

செல்வி இன்னும் இங்கேதான் வேலை செய்கிறாள். மாதம் ஒருமுறை நான் மணியை அடித்துச் சோதிப்பேன். எங்கே பெருக்கிக்கொண்டிருந்தாலும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். மூச்சிரைக்க என் எதிரில் நிற்பாள்.

"இப்ப கேக்குதுண்ணே" என்பாள்.

நான் தலையாட்டுகிறேன். மணியை நிறுத்துகிறேன்.