வைர வாடிக்கையாளர்

உடம்பில் குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது, ஆனால் கடையில் எல்லோரும் அவளை வைரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைவீதியின் பெரிய துணிக்கடையில், படிக்கட்டை ஒட்டிய பில் கவுன்ட்டர் அவளுடையது. வரிசை எவ்வளவு நீண்டாலும் பதற மாட்டாள். யாராவது கத்தினால், அவர் கத்தி முடிக்கும்வரை துணியை நிதானமாக மடித்துக்கொண்டிருப்பாள். கத்தியவருக்கே கொஞ்ச நேரத்தில் கூச்சமாகிவிடும்.

பில் போடுகிறவளுக்குத் துணியோடும் காசோடும்தான் வேலை என்று நினைப்போம். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது “போன் நம்பர் சொல்லுங்க” என்பதுதான் முதல் வேலை. பத்து எண் விழாமல் பில் அச்சாகாது. கம்ப்யூட்டரை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். உள்பனியன் வாங்க வந்தவரின் நம்பர் எதற்கு என்று கேட்டால், பாயிண்ட் ஏறும், வெள்ளி, தங்கம், வைரம் என்று பட்டம் தருவோம் என்பார்கள். நம் இடுப்பளவையும் பிள்ளையின் வயதையும் எவனோ சேர்த்து வைத்துக்கொள்வான், அதற்கு நமக்கு ஒரு பட்டமாம்.

வைரக்காவும் முதலில் கிளிப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் கைக்குழந்தையும் பெரிய பையுமாக ஒரு பெண் வந்தாள். குழந்தைக்கு இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் எடுத்தாள். நம்பர் கேட்டதும் திணறினாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டவும், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொல்லிவிட்டாள். அது அவள் புருஷனுடையது. எந்தக் கிளை, என்ன வாங்கியது என்று விவரமாக ஒரு மெசேஜ் அவன் போனுக்குப் போய்விட்டது.

மறுநாள் கடை திறந்ததும் அவன் வந்து போனை நீட்டினான்.

“இந்த பில்லு நீங்கதானே போட்டீங்க? எந்தப் பக்கம் போனா?”

“தினம் எத்தனையோ பேர் வர்றாங்க. மூஞ்சியெல்லாம் ஞாபகம் இருக்காது.”

“கைக்குழந்தையோட வந்திருப்பா.”

“இங்க பாதிப் பேர் கைக்குழந்தையோடதான் வர்றாங்க.”

அவன் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டே தெருக்கோடிவரை போவதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தப் பெண் தப்பித்தாளா, மாட்டினாளா, இன்றுவரை தெரியாது. அன்றைக்கு வைரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “பயந்து ஓடி வந்தவளை நானே காட்டிக்கொடுத்துட்டேன்” என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர் லாரி ஷெட்டில் வெல்டிங் வேலை பார்ப்பவர். “கேக்கச் சொன்னான், கேட்டே. நீ என்ன பண்ணுவே?” என்றார். அந்தச் சமாதானம் அவளுக்கு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு, தாராளமாகச் சொல்கிறவர்களின் நம்பரைத் தட்டினாள். திணறுகிறவர்களுக்குப் பத்து தடவை ஒன்பதைத் தட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அசரவில்லை. போகட்டும் என்று தன் நம்பரையே தட்ட ஆரம்பித்தாள்.

“கட்டாயம் சொல்லணுமாங்க?” என்று கேட்பார்கள்.

“கட்டாயம் எனக்குத்தான், உங்களுக்கு இல்ல. பையை எடுத்துக்கங்க.”

அதன்பின் அவள் போனுக்கு வந்த மெசேஜ்கள் இருக்கிறதே, அது ஒரு கூத்து. காலேஜ் படிக்கும் ஒற்றை மகனைப் பெற்றவளுக்கு, இரட்டைக் குழந்தைகளுக்கான சலுகை வந்தது. பெருத்த உடம்புக்காரருக்கான கால்சட்டை வந்திருப்பதாகச் சேதி வந்தது. அவள் புருஷன் தென்னங்குச்சி மாதிரி இருப்பார்.

“எனக்குத் தெரியாம தனியா ஒரு குடும்பம் நடத்துறியா?” என்றார் அவர்.

“ஆமா, அவராவது வேளைக்கு வீட்டுக்கு வர்றார்” என்றாள்.

கிணறு வெட்டினால் பூதம் கிளம்பாமல் இருக்குமா? எல்லாக் கிளைகளிலும் சேர்த்து அதிகமாகத் துணி வாங்கிய ஒரே வைர வாடிக்கையாளர் யார் என்று தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. பூங்கொத்து, பரிசுப் பெட்டி, போட்டோ எடுக்க ஒரு ஆள் சகிதம் பெரிய மேலாளரே வந்து இறங்கினார். ‘உங்கள் குறைகளை நேரடியாக என்னிடம் சொல்லுங்கள்’ என்று அவருடைய சிரித்த முகமும் போன் நம்பரும் போட்ட பலகை கவுன்ட்டருக்கு எதிரிலேயே தொங்குகிறது. நேரில் பார்த்தால் அவ்வளவு சிரிக்கிற மனிதர் இல்லை.

வாடிக்கையாளரை வரவழைக்க அவர் அந்த நம்பரைக் கூப்பிட்டார். கவுன்ட்டருக்குக் கீழே, வைரக்காவின் கைப்பையில் மணி அடித்தது.

கடையே ‘கொல்’லென்று சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. மாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எத்தனை நாளா இந்தப் பாயிண்ட் திருட்டு?”

திருட்டு என்ற சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? “கம்ப்யூட்டர் உங்க முன்னாடிதானே இருக்கு. ஒரு பாயிண்டாவது நான் எடுத்திருக்கேனா, பாருங்க சார்.”

பார்த்தார். ஏறிய பாயிண்ட் ஏறியபடியே இருந்தது. அவருக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

“அப்புறம் எதுக்கு?”

அவள் அந்தப் பையையும், போர்வையையும், மறுநாள் போனை நீட்டியவனையும் பற்றிச் சொன்னாள். மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கடை அதுக்காக நடக்கல. உங்க நம்பரைப் பூட்டியாச்சு, இனிமே விழாது. நம்பர் இல்லேன்னா பில் இல்ல. மறுபடி தகிடுதத்தம் பண்ணினா நீங்க வீட்டுக்குப் போயிடலாம்.”

மகனின் காலேஜ் ஃபீஸில் பாதி இந்தக் கவுன்ட்டரிலிருந்துதான் போகிறது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இறங்கி வந்து உட்கார்ந்தாள். மேலாளரும் கூடவே வந்து, போலீஸ்காரர் மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டார்.

நாலைந்து பேர் மளமளவென்று நம்பர் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு பெண். கையில் ஒரே ஒரு குழந்தைச் சட்டை.

“நம்பர் சொல்லுங்கம்மா.”

“எனக்குப் போன் இல்லைங்க. வீட்டுக்காரர் நம்பர்தான் தெரியும்.” குரலை இறக்கினாள். “அவருக்கு ஏதும் மெசேஜ் போகுமா?”

வைரக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “போகும்மா.”

அந்தப் பெண் சட்டையை மெதுவாகக் கவுன்ட்டரில் வைத்தாள். “அப்ப வேண்டாங்க.”

“இருங்க” என்றாள் வைரக்கா.

தலையைத் தூக்கினாள். எதிரே பலகையில் மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்த பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினாள். பில் சரசரவென்று வந்தது. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். “உங்க வீட்டுக்கு ஒண்ணும் போகாது, தைரியமா போங்க” என்றாள்.

பக்கத்தில் நின்ற மேலாளரின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். ‘குழந்தைச் சட்டை ஒன்று. உங்கள் வருகைக்கு நன்றி.’ அவர் முகம் சிவந்தது. வைரக்கா எழுந்து நின்றாள். போகச் சொன்னால் போய்விடுவது என்று கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள்.

மேலாளர் வாசலைப் பார்த்தார். அந்தப் பெண் படியில் நின்று இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்தாள். அவள் தெரியாமல் போன பிறகும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டார்.

“பாயிண்ட் என் பேர்லதானே ஏறும்?”

“உங்க பேர்லதான் சார்” என்றாள் வைரக்கா. “சீக்கிரமே வைரமாயிடுவீங்க. இந்த மாதிரி நிறையப் பேர் வர்றாங்க.”

அவர் படியேறினார். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, அடுத்தவரின் துணியை இழுத்தாள்.